முன் சக்கரத்தில் ஊளைச் சத்தம்: இடது பேரிங்தானா?

ஜனவரி 4, மாலை

அப்பாவின் பழைய கார். 22 வருடமாக எங்களோடு இருக்கிறது. பின் சக்கரங்கள் இழுக்கும் வகை. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். கொஞ்ச நாளாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து ஊ என்று ஒரு சத்தம். வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. 80-ஐ நெருங்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது.

இடது முன் பேரிங் (சக்கரம் லேசாகச் சுற்ற அச்சைச் சுற்றி இருக்கும், உருளைகள் கொண்ட வளையம்) போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். சத்தம் அந்தப் பக்கம்தான் கேட்கிறது. நானே கழற்றி மாற்றப் போகிறேன். இதுவரை நான் காரில் செய்த பெரிய வேலை ஸ்டெப்னி மாற்றியதுதான். என்னைப் போல முதல்முறை கை வைப்பவரால் இது முடியுமா? எதை முதலில் கழற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் எழுதுங்கள், நடப்பதையும் உங்களுக்கான பதிலையும் நானும் இங்கேயே எழுதிவருகிறேன்.

ஜனவரி 5, காலை

சக்கரமே வரவில்லை. நான்கு நட்டுகளும் கையில் இருக்கின்றன, சக்கரம் மட்டும் ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்தும் பார்த்தேன், டயரில் உதைத்தும் பார்த்தேன்.

ஜனவரி 5, மதியம்

வந்துவிட்டது. ஹப்பின் நடுவில் மேடாக ஒரு வட்ட விளிம்பு இருக்கிறது. சக்கரத்தின் நடு ஓட்டை அதன்மேல் இறுக்கமாக உட்காரும். வருடக்கணக்கில் அங்கே துரு ஏறி இரண்டும் ஒன்றாகிவிட்டன.

நான் செய்தது இதுதான். நட்டுகளைத் திரும்பப் போட்டு, கையால் இறுக்கி, பிறகு இரண்டு சுற்று தளர்த்தினேன். ஜாக்கியை இறக்கி, காரின் எடையை அந்தச் சக்கரத்தின் மேல் விட்டு, காரை முன்னும் பின்னும் ஒரு சாண் அளவு தள்ளினேன். மூன்றாவது தள்ளில் 'டப்' என்று விட்டுக்கொடுத்தது. நட்டுகள் ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை ஆணி) இருப்பதால் சக்கரம் வெளியே பாயாது, ஹப்பிலிருந்து சற்றே விலகும், அவ்வளவுதான். தூக்கி நிறுத்திய காரில் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. காரைத் தூக்கிய பிறகு நட்டைத் தளர்த்தப் பார்த்தேன், சக்கரமும் கூடவே சுற்றியது. சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் தூக்க வேண்டும். ஸ்டெப்னி மாற்றும்போது இதைத்தான் செய்தேன். பெரிய வேலை என்ற பதற்றத்தில் அது மறந்துபோனது.

ஜனவரி 5, இரவு

துருவைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடு விளிம்பில் மட்டுமில்லை, சக்கரம் வந்து படியும் தட்டையான முகத்திலும் துரு செதில் செதிலாக இருந்தது. அந்தச் செதில் ஒன்று இடையில் மாட்டினால் சக்கரம் நேராக உட்காராது. நட்டு எவ்வளவு இறுகினாலும் சக்கரம் மயிரிழை சாய்வாகத்தான் சுற்றும். நடுக்கத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

கம்பி பிரஷ்ஷால் ஹப் முகத்தையும் சக்கரத்தின் பின்முகத்தையும் உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். நடு விளிம்பில் மட்டும் செப்பு கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசினேன். ஸ்டட் மரையிலும் நட்டு உட்காரும் கூம்பிலும் பூசவில்லை. அங்கே வழுக்கல் இருந்தால் அதே பலத்தில் திருகினாலும் ஸ்டட் அதிகமாக இழுபடும். இறுக்கம் சரியாக இருப்பது போலக் கைக்குத் தோன்றும், உள்ளே ஸ்டட் நீண்டுகொண்டிருக்கும்.

ஜனவரி 6

ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி வேலை செய்தாயா என்று கேட்டவருக்கு: ஆமாம், நேற்று அப்படித்தான் செய்தேன். தப்பு. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றும் சில நிமிடங்களுக்கானது. ஹப்பைப் பிடித்து இழுத்து, தட்டி, கழற்றும் வேலைக்கு அது தாங்கும் என்று நம்பக்கூடாது.

இன்று ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கிவிட்டேன். ஜாக்கியால் தூக்கி, சட்டத்தின் கெட்டியான இடத்தில் ஸ்டாண்டைக் கொடுத்து, எடையை அதன்மேல் இறக்கி, காரைப் பக்கவாட்டில் ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைக்கிறேன். எல்லாம் கைவிட்டாலும் கார் அந்தச் சக்கரத்தின் மேல்தான் விழும்.

கைப் பிரேக் போட்டால் போதும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எங்கள் காரில் கைப் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கும்போது அது உதவும். பின்பக்கத்தைத் தூக்கினால் தரையில் நிற்பவை முன் சக்கரங்கள், அவற்றைப் பிடிக்க எதுவும் இல்லை. எந்தப் பக்கம் தூக்கினாலும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள்.

ஜனவரி 9

ஆட்டம் பார்த்தேன். சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ள வேண்டும். 12-லும் 6-லும் கை வைத்து ஒரு கையால் தள்ளி, மறு கையால் இழுத்தால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். 9-லும் 3-லும் வைத்து அதே போல ஆட்டினால் ஸ்டியரிங் பக்கத்து இணைப்புகள், முக்கியமாக டை ராடு எண்ட், தெரியும்.

இடது சக்கரம் 12-6-ல் லேசாக 'டிக் டிக்' என்றது. 9-3-ல் ஒன்றும் இல்லை. பால் ஜாயிண்ட் (ஹப்பைத் தாங்கும் பகுதியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தாலும் 12-6-ல் ஆடும் என்பதால், அம்மாவை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக் மிதித்தால் டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் பிடித்துக்கொள்ளும், அதனால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பால் ஜாயிண்ட் அதற்கு அப்பால் இருப்பதால் அதன் ஆட்டம் மறையாது. எனக்கு முழுதாக மறைந்தது. ஆகவே பேரிங்தான், இடதுதான். நினைத்தது சரியாகப் போய்விட்டது.

ஜனவரி 9, இரவு

வலது பக்கமும் பார்த்துவிடலாம் என்று தூக்கினேன். அங்கேயும் அதே 'டிக் டிக்', கொஞ்சம் குறைவாக.

இந்த மாதிரி பழைய காரின் முன் ஹப்பில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங், அதாவது கூம்பு வடிவ உருளைகள். அதற்கு மிகச் சின்ன ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். 0.02 மில்லிமீட்டரிலிருந்து 0.12 வரை என்பது வழக்கமான அளவு. ஒரு தாளின் தடிமன் கிட்டத்தட்ட 0.1. சக்கரத்தின் விளிம்பில் கை வைக்கும்போது அதே ஆட்டம் பல மடங்காகப் பெருகித் தெரியும். அப்படியென்றால் எனக்குத் தெரிந்த 'டிக் டிக்' நோயா, இயல்பா?

காலையில் எழுதிய "ஆகவே பேரிங்தான்" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 11

அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். அவர் எந்த நாளும் சக்கரத்தைத் திறந்தவர் இல்லை. ஆனால் இந்தக் காரை என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்துவிட்டு, "சத்தத்தை விடும்மா. எடையை மாத்திப் பாரு" என்றார்.

வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சாயும். இடப்புறம் திரும்பினால் எடை வலது சக்கரங்களின் மேல் ஏறும், வலப்புறம் திரும்பினால் இடது சக்கரங்களின் மேல். பழுதான பேரிங் தன் மேல் எடை ஏறும்போது கத்தும், இறங்கும்போது அடங்கும். ஆளில்லாத நேரான சாலையில் 60-ல் ஸ்டியரிங்கை மெதுவாக இடதுபக்கம், அப்புறம் வலதுபக்கம் லேசாக வளைத்தேன்.

இடப்புறம் திரும்பும்போது ஊளை தெளிவாக ஏறியது. வலப்புறம் திரும்பும்போது ஏறக்குறைய நின்றே போனது.

அப்படியென்றால் பழுது வலது சக்கரத்தில். நான் ஒரு வாரமாக இடது, இடது என்று எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் பேரிங்கிலிருந்து சஸ்பென்ஷன் கைகள் வழியாக ஏறி, உடல் தகடு முழுக்கப் பரவி, எங்கே தகடு நன்றாக அதிர்கிறதோ அங்கிருந்து காதுக்கு வருகிறது. காதைக் கேட்டு நான் இடது பேரிங்கை மாற்றியிருந்தால் நல்ல பேரிங்கைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஜனவரி 12

நடுக்கத்தைப் பற்றி. ஊளையும் நடுக்கமும் ஒரே நோய் என்றுதான் முதலில் எழுதினேன். இல்லை, இரண்டும் தனித்தனி.

இடது சக்கரத்தைக் கழுவப் போட்டிருந்தேன். ரிம்மின் உள்பக்கக் குழிவில் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்த மண். சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன், 50 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

50 கிராம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டயரின் அரைவிட்டம் சுமார் 28 சென்டிமீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 13 முறை சுற்றும். நடுவிலிருந்து 16 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கும் 50 கிராம் மண், அந்த வேகத்தில் ஹப்பை ஏறக்குறைய 5 கிலோ பலத்தோடு வெளியே இழுக்கும். ஒரு சுற்றுக்குள் அந்த இழுப்பு மேலே, முன்னே, கீழே, பின்னே என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். வேகம் பாதியானால் பலம் கால்வாசியாகிவிடும், அதனால்தான் 40-ல் ஒன்றும் தெரியவில்லை. போதாததற்கு, காரின் சக்கரமும் சஸ்பென்ஷனும் இயல்பாகத் துள்ளும் வேகமே நொடிக்கு 10 முதல் 15 முறை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்டது போல 80-ல் இரண்டும் சேர்ந்துகொண்டன.

மண்ணை எடுத்து, துரு தேய்த்த ஹப்பில் சக்கரத்தை மாட்டி ஓட்டினேன். நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு வீல் பேலன்சிங் செய்துகொண்டேன். சக்கரத்தில் நடுக்கம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். தண்ணீரைத் தவிர இதற்கு எதுவும் வேண்டாம்.

ஜனவரி 18

வலது ஹப்பைத் திறந்துவிட்டேன். நாள் முழுக்க ஆனது. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலிப்பரை இரண்டு போல்ட் எடுத்துக் கழற்றினேன். அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடக்கூடாது, ஹோஸின் உள்ளே கிழியும். கம்பி கட்டி ஸ்பிரிங்கில் மாட்டினேன். நடுவில் இருக்கும் கிரீஸ் மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தேன். உள்ளே ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும், முனையை மடக்கும் ஊசி), கோட்டைச் சுவர் மாதிரி வெட்டுகள் உள்ள நட்டு, வாஷர். ஹப்பை லேசாக வெளியே இழுத்து உள்ளே தள்ளினால் வெளி பேரிங் தானாக முன்னால் வந்து கையில் விழுகிறது. அப்புறம் டிஸ்க்கோடு சேர்த்து ஹப் முழுதாக வந்துவிடும். கனம். இரண்டு கையாலும் பிடியுங்கள்.

கிரீஸ் தேன் நிறத்தில் இருக்க வேண்டும், கன்னங்கரேல் என்று இருந்தது. விரலில் எடுத்து வெயிலில் காட்டினேன். மினுமினுப்பு. அது பேரிங்கின் உலோகம். துடைத்துப் பார்த்தால் உள் பேரிங்கின் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி, ஹப்பில் பதிந்திருக்கும் பேரிங்கின் வெளி வளையத்தில் கால்வாசி நகம் அளவுக்கு ஒரு செதில் பெயர்ந்திருந்தது. உருளைகள் அந்தக் குழியின்மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியதைத்தான் நான் இத்தனை நாளும் ஊளையாகக் கேட்டேன். அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. சத்தத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

ஜனவரி 18, இரவு

ஒரு சின்ன விலகல். இந்த பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஹென்றி டிம்கன் என்ற வண்டி செய்பவர் 1898-ல் இந்தக் கூம்பு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அது குதிரை வண்டிகளின் காலம். வண்டி நேராகப் போகும்போது பேரிங் எடையைத் தாங்கினால் போதும், வளைவில் பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்க வேண்டும். உருளையைச் சாய்வாக வைத்தால் ஒரே பேரிங் இரண்டையும் தாங்கும். இரண்டு பேரிங்குகள் எதிரெதிராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இருபக்கத் தள்ளலுக்கும் ஆயிற்று. எங்கள் ஹப்பிலும் அப்படித்தான், பெரியது உள்ளே, சின்னது வெளியே.

ஜனவரி 19

வளையத்தை மாற்ற வேண்டுமா, உருளைப் பகுதியை மட்டும் மாற்றினால் போதாதா என்ற கேள்வி. இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய வளையத்தின் தேய்மானம் பழைய உருளைக்குப் பழகியது. புது உருளையை அதன்மேல் ஓட்டினால் சீக்கிரமே அதுவும் கெடும். ஆயில் சீலும் (கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிது.

ஹப்பின் உள்ளே வளையத்துக்குப் பின்னால் இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. அங்கே பஞ்ச் என்ற இரும்புக் கம்பியை வைத்து மாற்றி மாற்றித் தட்டினால் பழைய வளையம் மெதுவாக வரும். புது வளையத்தை அடிக்கப் பழைய வளையத்தையே மேலே வைத்துத் தட்டினேன். வெளிச்சுற்றைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

முதல் வளையம் கோணலாக இறங்கியது. ஒரு பக்கம் போய்விட்டது, மறுபக்கம் நிற்கிறது. அடித்தே நேராக்கிவிடலாம் என்று கை துடித்தது. அடிக்கவில்லை. பின்னாலிருந்து தட்டி வெளியே எடுத்து, ஹப்பையும் துடைத்து, மறுபடி ஆரம்பித்தேன். கோணலாக அடித்தால் ஹப்பின் உட்சுவர் கீறும், அப்புறம் எந்த வளையமும் அதில் நேராக நிற்காது. வளையம் அடிவரை போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறுகிறது. அதுவரை 'தொப் தொப்', உட்கார்ந்ததும் 'டிங்'. அந்த மாற்றத்தை நம்பலாம்.

ஜனவரி 19, பிறகு

கிரீஸ். உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதன்மேல் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். கிரீஸ் உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை. மேலே மட்டும் பூசிவிட்டால் உள்ளே காய்ந்தே கிடக்கும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, முழுதாக உலர்த்தி, புதிதை மட்டும் வைத்தேன். இரண்டு வகை கிரீஸ் கலந்தால் சில நேரம் நீர்த்து ஓடிவிடும். மூடிக்குள் நிரப்பி அடைக்க வேண்டாம். சூட்டில் கிரீஸ் விரியும், இடமில்லை என்றால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து டிஸ்க்கில் தெறிக்கும்.

ஜனவரி 20

நேற்று இரவு மாட்டினேன். இன்று காலை ஓட்டினேன். ஊளை நின்றுவிட்டது! ஆனால் 5 கிலோமீட்டர் ஓடி நிறுத்தி ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. நட்டை அதிகமாக இறுக்கிவிட்டேன்.

"பெரிய நட்டு, நன்றாக இறுக்கு" என்று கை தானாகவே நினைக்கிறது. இந்த நட்டுக்கு அது பொருந்தாது. இதன் வேலை பேரிங்குக்கு இடம் விட்டு நிற்பது.

ஜனவரி 20, மாலை

சரியாகச் செய்த முறை. சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறு கையால் ஸ்பேனரில் மிதமாக நட்டை இறுக்க வேண்டும், சுற்றுவது கனமாகும்வரை. இது உருளைகளை அவற்றின் இடத்தில் உட்கார வைப்பதற்கு. பிறகு நட்டை முழுதாகத் தளர்த்த வேண்டும். பிறகு ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும், நிற்கும்வரை. ஸ்பிளிட் பின் ஓட்டைக்கு நேராக வெட்டு வராவிட்டால் தளர்த்தும் பக்கமாகவே அடுத்த வெட்டுக்குப் போக வேண்டும், இறுக்கும் பக்கம் வேண்டாம். 12-6-ல் ஆட்டிப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு ஆட்டம். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் அது உடையும் இடத்தை நாமே செய்து கொடுக்கிறோம்.

மறுபடி ஓட்டினேன். வலது ஹப் வெதுவெதுப்பு.

முக்கியம்: இது ஸ்பிளிட் பின் உள்ள பழைய டேப்பர் பேரிங் ஹப்புக்கு மட்டும். புதிய கார்களில் மூடப்பட்ட ஒரே துண்டு பேரிங் வருகிறது. அதில் நட்டைக் கையேட்டில் சொன்ன பெரிய பலத்தில் இறுக்கியே ஆக வேண்டும். நான் எழுதியதை அதில் செய்துவிடாதீர்கள்.

ஜனவரி 21

எழுதாமல் விட்ட ஒன்று. காலிப்பரை மாட்டும்போது பேடுகளுக்கு (டிஸ்க்கை அழுத்தும் பிரேக் கட்டைகள்) இடம் விட, அவற்றைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தேன். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை மிதித்தேன், மிதி தரைவரை போனது. நல்லவேளை, வீட்டு வாசலிலேயே நின்றிருந்தேன். பிஸ்டன் மறுபடி வெளியே வந்து பேடைத் தொடும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். காலிப்பரைத் தொட்டால் இன்ஜினை முடுக்கும் முன்பே பிரேக்கை மிதித்துப் பாருங்கள். இதை இந்தப் பக்கத்தின் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 25

இப்போது இடது சக்கரம் சுடுகிறது. பிரேக் போடாமல் நேர்ச்சாலையில் ஓட்டி, தானாக நிற்கவிட்டு, இரண்டு பக்கமும் கையை அருகில் கொண்டுபோனேன். வலது சும்மா இருக்கிறது, இடது தகிக்கிறது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

தூக்கிச் சுற்றினேன், பாதிச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. பிரேக் விடவில்லை. இங்கே இரண்டு சந்தேகம். ஒன்று, பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்து, பிரேக் எண்ணெயைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். இரண்டு, காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கலாம். பிரித்தறிய, காலிப்பரில் உள்ள காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் திறந்தேன். உள்ளே அழுத்தம் மாட்டியிருந்தால் எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபடும். இரண்டு சொட்டு வந்தது, சக்கரம் விடுபடவில்லை. ஆக காலிப்பரின் பின்கள்தான். (அந்த எண்ணெய் பெயிண்டை உரித்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.)

கழற்றினால் உள் பேட் 3 மில்லிமீட்டர், வெளி பேட் 8. ஒரே சக்கரத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் காலிப்பர் நகரவில்லை என்று அர்த்தம். கீழ்ப் பின் துருவில் இறுகியிருந்தது. சுத்தம் செய்து, ரப்பர் உறைகளை மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் பூசினேன். சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். பேடுகளை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன்.

ஜனவரி 26

நட்டு இறுக்கம். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பதுதான் இத்தனை நாள் எங்கள் பழக்கம். கையேட்டில் 90 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் அது சுமார் 30 கிலோ பலம். முழு ஆள் ஏறி நின்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஸ்டட் நீளும், டிஸ்க் கோணும், வழியில் பஞ்சர் ஆனால் அம்மாவால் கழற்றவும் முடியாது.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இரவல் வாங்கி, எதிரெதிர் நட்டாகச் சுற்று சுற்றாக இறுக்கினேன். கடைசிச் சுற்று சக்கரம் தரையில் பட்டபிறகு. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தேன், வலது முன் சக்கரத்தில் இரண்டு நட்டுகள் இன்னும் கொஞ்சம் திரும்பின. துரு தேய்த்த முகங்கள் ஒன்றோடொன்று படிய அவ்வளவு தூரம் ஆகிறது.

பிப்ரவரி 2

ஊளை போனபிறகு அதற்கடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் கேட்கிறது. மெல்லிய 'வுர்ர்'. இன்னொரு பேரிங்கோ என்று ஒரு இரவு தூக்கம் போனது.

தார்ச்சாலையில் ஒரு மாதிரி, சிமெண்ட் சாலையில் வேறு மாதிரி கேட்கிறது. இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்: பேரிங் சத்தம் சாலையைப் பொறுத்து மாறாது, டயர் சத்தம் மாறும். பின் டயர்களின் மேல் உள்ளங்கையைத் தேய்த்தேன். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன், 'வுர்ர்' முன்னால் வந்துவிட்டது. டயரேதான். இது அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டுத் தேய்ந்த தேய்மானம். இந்த டயர்கள் முன்பு முன்னால் இருந்தவை என்பது அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

கையோடு கையாக டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களையும் படித்தேன். 3612. 2012-ன் 36-வது வாரம் செய்தது. டயரின் பள்ளம் ஆழமாகத்தான் இருக்கிறது, அதைப் பார்த்தே நல்ல டயர் என்று நம்பியிருந்தோம். பக்கச் சுவரை விரலால் மடக்கினால் நுண்ணிய விரிசல்கள் வாய் திறக்கின்றன. பேரிங்குக்கும் பேடுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு இந்த டயரில் குடும்பத்தை உட்கார வைக்க மனம் வரவில்லை. நான்கையும் மாற்றி, அலைன்மெண்ட் செய்தாயிற்று.

பிப்ரவரி 3

பின் டிரம்மைத் திறக்கப் போகிறேன் என்று எழுதியவருக்கு, அவசரமாக: உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டிரம் வரவில்லை என்றால் ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு இழுங்கள், ஷூ விளிம்பில் மாட்டியிருக்கும்.

மார்ச் 15

1,000 கிலோமீட்டர் ஆனது. இரண்டு முன் சக்கரங்களையும் தூக்கி 12-6 பார்த்தேன். வலது அதே மெல்லிய ஆட்டம், கூடவில்லை. இடது பேரிங்கையும் திறந்து பார்த்தேன். கிரீஸ் பழசு, உருளைகள் கண்ணாடி மாதிரி. கழுவி, புது கிரீஸ் வைத்து, புது சீலும் புது ஸ்பிளிட் பின்னும் போட்டு மாட்டிவிட்டேன். ஜனவரி 4-ல் நான் தூக்கி எறியப் பார்த்த பேரிங் அது.

முதல் கேள்விக்கு என் பதில்: முதல்முறை செய்கிறவரால் முடியும். எனக்கு மாற்றுவதற்கு ஒரு சனி ஞாயிறு போதுமாயிருந்தது, எதை மாற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் அதற்கு முன் ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

இன்று அப்பா தானே ஓட்டினார். 80-ஐத் தாண்டினார், ஸ்டியரிங் அசையவில்லை. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, பின்னால் லேசாக ஒரு உரசல் கேட்கிறது என்றார். எனக்குக் கேட்கவே இல்லை. எந்தப் பக்கம் என்றேன்.

"கட்டை வச்சுத் தூக்கும்மா, பார்ப்போம்" என்றார்.